மெதுவாக நடக்கும் பிள்ளையை முன்னால் விடுங்கள்

பள்ளிப் பிள்ளைகளை மலையேற்றத்துக்குக் கூட்டிப் போகும்போது, மெதுவாக நடக்கும் பிள்ளையை வழிகாட்டிக்கு அடுத்து, வரிசையில் இரண்டாவதாக விடுங்கள். கடைசியில் விடவே வேண்டாம். அங்கே ஓர் ஆசிரியர் வரட்டும்.

வேகமாகப் போகிறவர்கள் மேலே உட்கார்ந்து இளைப்பாறுவார்கள். பின்தங்கிய பிள்ளை மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும் "சரி, கிளம்பலாம்" என்று எழுந்துவிடுவார்கள். ஓய்வு அதிகம் தேவைப்படும் பிள்ளைக்குத்தான் ஓய்வே கிடைப்பதில்லை. தன்னால்தான் எல்லோருக்கும் தாமதம் என்ற கூச்சம் வேறு. முன்னால் நடந்தால் அந்தப் பிள்ளையின் நடைதான் குழுவின் நடை. கூட்டம் சிதறாது, ஆங்காங்கே நின்று காத்திருக்கும் நேரமும் மிச்சம். எல்லாவற்றையும்விட, உச்சியை முதலில் தொடும் சிலரில் அந்தப் பிள்ளையும் இருக்கும். அப்போது அதன் முகத்தைப் பாருங்கள்!

கொல்லிமலையில் ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். திரும்பி ஏறும்போதுதான் மூச்சு முட்டும். அந்த மாதிரி இடத்துக்கு இந்த வரிசை மிகவும் பொருந்தும்.

கயிறு கட்டிப் பாறையில் இறங்கும் பயிற்சிக்கு இது சரிவராது. பயப்படும் பிள்ளை இரண்டு மூன்று நண்பர்கள் பத்திரமாக இறங்குவதைப் பார்த்த பிறகு இறங்கட்டும்; கடைசி ஆளாக மேலே தனியே நிற்கவும் விடாதீர்கள். அப்புறம், நடை தளர்வதற்குக் காய்ச்சலோ மூச்சிரைப்போ காரணமென்றால் வரிசையை மாற்றிப் பயனில்லை. ஓர் ஆசிரியரோடு அந்தப் பிள்ளையைக் கீழே அனுப்பிவிடுங்கள்.