மைதான விளக்கின் வெள்ளைக்குள் என்னென்ன நிறம்? பழைய சிடியால் பார்க்கலாம்

இரவு வாலிபால் நடக்கும் மைதானத்தில், ஸ்விட்ச் போட்டதும் மங்கலாக விழித்து, மூன்று நான்கு நிமிடம் கழித்துப் பளீரென்று ஆகும் விளக்கைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அது மெட்டல் ஹாலைடு, அதாவது சின்னக் குழாய்க்குள் பாதரசமும் உலோக உப்பும் ஆவியாகி ஒளிரும் வகை. உடனே முழுசாக எரிந்தால் எல்.இ.டி. கடைசிவரை ஆரஞ்சாகவே இருந்தால் சோடியம் விளக்கு. எல்.இ.டி. வந்து எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள், அதற்குள் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தேவையானவை: ஷூ பெட்டி, பழைய சிடி, இரண்டு பிளேடு, செல்லோடேப், கறுப்பு இன்சுலேஷன் டேப்.

1. சிடியை உரியுங்கள். அச்சிட்ட பக்கத்தில் கத்தி நுனியால் ஒரு கீறல். அதன்மேல் செல்லோடேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுத்தால் வெள்ளிப் பூச்சு கையோடு வரும். மிஞ்சும் பிளாஸ்டிக்கில் மில்லிமீட்டருக்குச் சுமார் 625 வரிகள். ஒளியைப் பிரிப்பவை அவைதான். வெளிவிளிம்பிலிருந்து இரண்டு செ.மீ. துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். அங்கேதான் வரிகளின் வளைவு குறைவு.

2. பெட்டியின் குறுகிய பக்கம் ஒன்றில், (எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கையில்) இடது ஓரமாகச் சின்ன ஜன்னல் வெட்டி, இரண்டு பிளேடுகளின் கூர் எதிரெதிரே இருக்கும்படி ஒட்டுங்கள். நடுவே தையல் நூல் கனத்துக்குச் செங்குத்தான இடைவெளி போதும். என் முதல் பெட்டியில் ஒரு மி.மீ. விட்டுவிட்டேன். வானவில் அழகாகத் தெரிந்தது, கோடு ஒன்றுகூடத் தெரியவில்லை.

3. எதிர்ப்பக்கத்தில், இடைவெளிக்கு நேராகக் கண்துளை. அதில் சிடி துண்டை, வரிகளும் செங்குத்தாக நிற்கும்படி ஒட்டுங்கள். ஒளி கசியும் மூலைகளில் கறுப்பு டேப். பிளேடு இடைவெளியை விளக்குக்குக் காட்டிவிட்டு, கண்ணைச் சற்று வலப்புறம் திருப்பினால் உள்சுவரில் நிறக்கோடுகள் தெரியும்.

4. விளக்கு போடும் முன்பே போய் நில்லுங்கள். எரிந்து அணைந்தால் குழாய் ஆறும்வரை, ஐந்து முதல் பதினைந்து நிமிடம், மறுபடி பற்றாது.

முதலில் தெரிவது பாதரசம்: நீலம் 436, பச்சை 546, மஞ்சள் 577-579 நானோமீட்டர் (அந்தந்த நிறத்தின் அலைநீளம்). இடையே இருட்டு. அதனால்தான் ஆரம்ப ஒளியில் எல்லார் முகமும் நோயாளி முகம்.

பிறகுதான் வேடிக்கை. உள்ளே சுண்டுவிரல் அளவுக் குழாயில் உலோக அயோடைடு உப்புகள் இருக்கின்றன. சூடேறியதும் ஆவியாகி, மின்வில்லின் (குழாய்க்குள் பாயும் மின்சாரச் சுடர்) நடுவே உலோகமும் அயோடினுமாகப் பிரிகின்றன. உலோகம் தன் நிறத்தை உமிழ்கிறது. குழாய்ச் சுவரருகே வெப்பம் குறைவதால் மறுபடி அயோடினோடு சேர்ந்துவிடுகிறது. பாதரசப் பச்சைக்குப் பக்கத்திலேயே 535-இல் இன்னொரு பச்சை முளைத்தால் தாலியம். 589-இல் அகன்ற ஆரஞ்சு மஞ்சள் சோடியம், 451-இல் நீலம் இண்டியம். ஸ்காண்டியமோ டிஸ்ப்ரோசியமோ இருந்தால் கோடுகள் நெருங்கி ஏறக்குறைய வானவில் போலாகிவிடும்.

5. பார்த்ததை விளக்கில் அச்சிட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். 830 என்றால் பொருள்களின் நிறத்தை உள்ளபடி காட்டும் தரம் (நூற்றுக்கு) 80-க்கு மேல், ஒளியின் நிற வெப்பநிலை 3000 கெல்வின், இதமான மஞ்சள். 942 என்றால் தரம் 90-க்கு மேல், 4200 கெல்வின். சினிமா ஷூட்டிங்கில் பகல் வெளிச்சத்துக்கு வைக்கும் எச்.எம்.ஐ. விளக்கும் இதே குடும்பம்தான், 5600 முதல் 6000 கெல்வின் வரை.

ஒரே கம்பத்தில் ஒன்று பச்சையாகவும் ஒன்று ரோஜா நிறமாகவும் எரிந்தால் ஆச்சரியப்படாதீர்கள். எந்த உலோகம் எவ்வளவு ஆவியாகிறது என்பதே நிறம். விளக்குக்கு வயதானால் அந்த அளவு மாறும். வோல்டேஜ் இறங்கினால் குழாய் குளிர்ந்து உப்பு படிந்துவிடும், பாதரசம் மட்டும் ஓங்கி நிற்கும்.

ஒரு எச்சரிக்கை: வெளிக்கண்ணாடி உடைந்தும் எரியும் விளக்கின் அருகே நிற்கவே வேண்டாம். புற ஊதாக் கதிர் கண்ணையும் தோலையும் சுட்டுவிடும். உடனே அணைக்கச் சொல்லுங்கள்.

படம் எடுக்க, கண்துளையில் போன் கேமராவை வைத்து, தானாக வெளிச்சம் கூட்டுவதைப் பூட்டிவிட்டு, அரை நிமிடத்துக்கு ஒன்றாக ஐந்து நிமிடம் எடுங்கள்.