மீன் தீவனத்தில் வைட்டமின் கலப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெல்டாப் பக்கம் புதிதாகக் குளம் வெட்டி ரோகு, கட்லா, கிஃப்ட் எனும் மேம்படுத்தப்பட்ட ரகத் திலேப்பியா விடுகிறவர்கள், தீவனத்தில் கலக்க வைட்டமின் சி, புரோபயாடிக் (நல்ல பாக்டீரியா) என்று வாங்கிக் குவிக்கிறார்கள். ஆரம்பத்தில் நாங்கள் பட்டதையே அவர்களும் படுவதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். அளவும் காலாவதித் தேதியும் பாக்கெட்டிலேயே இருக்கின்றன, அதை விட்டுவிடுகிறேன்.

தண்ணீரில் கரைத்துத் தெளித்து, ஈரத்தோடு வீசுவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். வாளித் தண்ணீரில் பவுடரைக் கரைத்து, தீவனத்தின் மேல் தெளித்து, நாலு புரட்டுப் புரட்டிக் குளத்தில் வீசிவிடுவார்கள். வைட்டமின் சியும் பி வகைகளும் தண்ணீரில் கரைபவை. தீவனம் குளத்தில் விழுந்த உடனே கரைய ஆரம்பித்துவிடும். மீன் வாய்க்குப் போவது பெரும்பாலும் வெறும் தீவனம்தான்.

சந்தேகம் இருந்தால், பி காம்ப்ளெக்ஸ் அப்படிக் கலந்த தீவனத்தில் ஒரு பிடி எடுத்துக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். சற்று நேரத்தில் தண்ணீர் மஞ்சளாகும். அந்த நிறம் ரிபோஃப்ளேவின் (வைட்டமின் பி2), நீங்கள் காசு கொடுத்து வாங்கியது.

பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர் தவிடும் பிண்ணாக்கும் சேர்த்துச் சொந்தமாகத் தீவனம் அரைத்து, திலேப்பியாவை நெருக்கமாக விட்டிருந்தார். வைட்டமினை இப்படித்தான் போட்டார். “மாசாமாசம் பாக்கெட் வாங்குறேன், வளர்ச்சியே இல்லண்ணே” என்றார். வலை போட்டுப் பார்த்தால் சில மீன்களுக்கு முதுகு வளைந்திருந்தது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் அதைப் பார்த்தால் முதலில் வைட்டமின் சி குறைவைத்தான் சந்தேகப்பட வேண்டும். தவிட்டிலும் பிண்ணாக்கிலும் அந்த வைட்டமின் இல்லை என்றே சொல்லலாம். மீனின் உடம்பும் அதைத் தானாக உண்டாக்கிக்கொள்ளாது.

சரி, எப்படிக் கலப்பது? பவுடரைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துத் தீவனத்தில் சீராகப் பிசிறி, நிழலில் உலரவிட்டு, மேலே மீன் எண்ணெயோ பைண்டர் ஜெல்லோ (தீவனத்தோடு ஒட்ட வைக்கும் பசை) பூசுங்கள். மைதாக் கஞ்சி காய்ச்சிப் பூசுகிறவர்கள் நன்றாக ஆறிய பிறகே தீவனத்தில் ஊற்ற வேண்டும். வெயிலில் தார்ப்பாய் விரித்துக் காயப்போடவே கூடாது, சூடும் காற்றும் வைட்டமின் சியைக் கெடுத்துவிடும். அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் கலக்குங்கள். எளிதில் கெடாத பாஸ்பேட் வகை வைட்டமின் சி கிடைத்தால், விலை கூடினாலும் அதை வாங்குங்கள்.

வலை இழுக்கிற அன்று வைட்டமின் கொடுப்பது

வீண். வலை, வண்டி, இடமாற்றம் என்று மீன் அதிர்ச்சியைத் தாங்க வேண்டுமானால் ஒன்றிரண்டு வாரம் முன்பே தொடங்கியிருக்க வேண்டும். ஏற்றுவதற்கு முந்தைய நாள் எப்படியும் பட்டினிதான் போடப் போகிறீர்கள்.

ஆன்டிபயாடிக்கோடு புரோபயாடிக்

இரண்டையும் ஒன்றாகக் கொடுத்தால் காசு கொடுத்து வாங்கிய நல்ல பாக்டீரியாதான் சாகும்.

ஏரேட்டருக்கு (தண்ணீரில் காற்றைக் கலக்கும் இயந்திரம்) பதிலாகப் பாக்கெட்

விடியற்காலையில்தான் குளத்தில் ஆக்சிஜன் மிகக் குறைவு. லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் எந்த வைட்டமினும் காப்பாற்றாது. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அன்றைய காலைத் தீவனத்தை நிறுத்திவிட்டு ஏரேட்டரைப் போடுங்கள்.