நூற்பாலை மருத்துவ அறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆம்புலன்ஸ் அறை வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. கட்டில் போட்டு, முதலுதவிப் பெட்டி மாட்டி, நர்ஸ் ஒருவரை அமர்த்திவிட்டால் கடமை முடிந்தது என்று பல நிர்வாகங்கள் நினைக்கின்றன. பிசகு அங்கேதான் தொடங்குகிறது.

நூற்பாலைகளில் நான் பெருந்தவறாகக் கருதுவது, மருத்துவர் அந்த அறையைத் தாண்டி ஆலைக்குள் கால் வைக்காமல் இருப்பதைத்தான். பஞ்சை உதறிப் பிரிக்கும் புளோரூமிலும், அதைச் சீவி இழைகளை நேராக்கும் கார்டிங்கிலும் தூசி மிகுதி. ஆண்டுக்கணக்கில் அதைச் சுவாசிப்பவர்களுக்கு பிஸ்ஸினோசிஸ் என்னும் நுரையீரல் நோய் வரலாம். வார விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் நெஞ்சு இறுகும், மறுநாள் தணிந்துவிடும். ஆலையைப் பார்த்திராத மருத்துவர் சளி என்று எண்ணி இருமல் மருந்து கொடுத்து அனுப்பிவிடுவார். எந்தப் பிரிவில் வேலை, எந்த நாளில் இறுக்கம் என்று கேட்டாலே சந்தேகம் எழுந்திருக்கும். நோய் முற்றினால் இறுக்கம் எல்லா நாளும் நீடிக்கும். போன மூச்சு திரும்பாது.

ஆண்டு மருத்துவ முகாமில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். வேண்டியவைதான். ஆனால் பஞ்சுத் தூசியில் நிற்பவருக்கு, கருவியில் ஊதச் சொல்லி மூச்சுத்திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி அவசியம். அதையும் விடுமுறைக்கு அடுத்த நாள், ஷிப்டுக்கு முன்னும் பின்னும் ஊதச் சொல்லிப் பார்க்க வேண்டும். வாரத்தின் நடுவில் ஒரே தடவை ஊதினால் மூச்சுத்திறன் குறைவது பிடிபடாமல் போகலாம். காது சோதனையை ஷிப்டு முடிந்த கையோடு வைப்பதும் தவறு. இரைச்சலால் வந்த தற்காலிக மந்தம் கணக்கைக் குழப்பிவிடும்.

முடிவுகளைத் தேதி வாரியாகப் பாதுகாக்காமல் விடுவது தொழிலாளிக்குச் செய்யும் அநீதி. தொழிலாளர் காப்பீட்டுக்கான ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் பிஸ்ஸினோசிஸ் இருந்தது; 2025இல் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பின் பட்டியலிலும் இருக்கிறது. பின்னாளில் பணப்பயன் கேட்டுப் போகிறவருக்கு அந்தத் தாள்கள்தான் துணை.

விடுப்பு எடுத்தவருக்கு உண்மையிலேயே நோயா என்று துப்புப் பார்க்கும் வேலையை ஆலை மருத்துவரிடம் ஒப்படைக்கவே கூடாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1985ஆம் ஆண்டு 161ஆம் உடன்படிக்கை இதைத் தெளிவாக விலக்குகிறது. சோதனைக்காகக் கூலியைப் பிடிக்கக் கூடாது என்றும் அது சொல்கிறது. மருத்துவரை நிர்வாகத்தின் ஆளாகப் பார்க்கத் தொடங்கிய பெண், நெஞ்சு இறுகினாலும் வாய் திறக்க மாட்டாள்.

ஒரே கார்டிங் வரிசையில் மூன்று பேருக்கு மூச்சுத்திறன் குறைந்திருந்தால், முகக்கவசம் கொடுத்து நிறுத்திக்கொள்ளாதீர்கள். அன்றே அந்த வரிசையின் தூசி உறிஞ்சும் குழாயைத் திறந்து பாருங்கள்.