வேட்டை விலங்கும் வளர்ப்பவர் குணமும்: எடைபோடுவதில் வரும் தவறுகள்

கால்நடை வளர்ப்பவர் என்றாலே வேட்டையாடும் விலங்குகளுக்கு எதிரி என்று முடிவுகட்டுவதுதான் முதல் தவறு. சிங்கப்பூரில் அடுக்குமாடி வீட்டில் அமர்ந்து சிறுத்தை, ஓநாய்ச் செய்திகளைப் படிக்கும் நமக்கு அது மிக எளிதாக வருகிறது. ஆனால் இங்கேயே தரைவீட்டுக் குளத்தில் நீர்நாய்க் கூட்டம் இறங்கி, ஆசையாக வளர்த்த கோய் மீன்களைக் கடித்துப்போட்டுவிட்டுச் சென்றால் என்ன நடக்கிறது? ஒருவர் அன்றே வேலி அடைக்க ஆள் தேடுகிறார். அடுத்த வீட்டுக்காரர் நீர்நாய்களையே அப்புறப்படுத்தச் சொல்லிக் கொதிக்கிறார். இழப்பு ஒன்றுதான், குணம்தான் வேறு.

புதியதை ஏற்கும் மனம், பொறுப்புணர்வு, கலகலப்பு, இணக்கம், பதற்றம் என ஐந்து கூறுகளாக உளவியலாளர்கள் குணத்தை அளக்கிறார்கள். முதலாவதும் இணக்கமும் மிகுந்தவர்களிடம் இயற்கைமீது அக்கறை கூடுதலாகத் தென்படுவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதற்காக எல்லாவற்றையும் குணத்தின் தலையில் கட்டிவிடக் கூடாது. ஐந்தே ஆடு வைத்திருப்பவருக்கு ஓர் ஆடு போவது பிள்ளையின் பள்ளிக் கட்டணம் போவது. அவருடைய கோபத்தைக் குணக்கேடு என்பது அநியாயம்.

கோபப்பட்டவர் கொன்றேவிடுவார் என்று நினைப்பதும் தவறு, சாந்தமானவர் கொல்லமாட்டார் என்று நம்புவதும் தவறு. பேச்சு வேறு, செயல் வேறு.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, பதற்றக்காரரைத் திருத்தவே முடியாது என்று ஒதுக்குவது. கோழிக்கூண்டைப் பாருங்கள். கம்பிவலையின் சிறு இடைவெளியில் மலைப்பாம்பு நுழைகிறது. கோழியை விழுங்கியபின் வயிறு புடைத்து, வந்த வழியே வெளியேற முடியாமல் சுருண்டு கிடக்கிறது. அந்த இடைவெளியை அந்தி சாயுமுன் தேடிக் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் பதற்றக்காரர்தான்! அவருக்கு வேண்டியது அறிவுரை அன்று, நெருக்கமான வலையும் நல்ல தாழ்ப்பாளும்.

நமீபியாவில் சிவிங்கிப்புலிப் பாதுகாப்பு நிதியம் 1994 முதல் விவசாயிகளுக்கு அனடோலியக் காவல் நாய்களைக் கொடுத்துவருகிறது. யாருடைய குணத்தையும் மாற்ற அது முயலவில்லை. மந்தைக்குக் காவல் வந்தது, இழப்பு வெகுவாகக் குறைந்தது, சிவிங்கிப்புலியைச் சுட வேண்டிய அவசியமும் குறைந்தது.

ஆகவே கொதிக்கும் அண்டைவீட்டாரிடம் இயற்கைச் சமநிலை பற்றிப் பாடம் எடுக்காதீர்கள். எத்தனை மீன் போயிற்று, எந்தப் பக்கமாக வந்தன என்று முதலில் கேளுங்கள். பாம்பு உள்ளே இருந்தால் அடிக்கவோ பிடிக்கவோ விடாமல், விலகி நின்று தேசியப் பூங்காக் கழகத்தை அழைக்கச் சொல்லுங்கள். வேலி அடைக்கும்போது நீங்களும் ஒரு கை பிடியுங்கள்.