நிழல் பாத்தியில் செடி வைக்குமுன் மரத்தின் வேரைப் பாருங்கள்

போன மாதம் எங்கள் பாதையில் புதிதாக வீடு கட்டி வந்த தங்கச்சி ஒருத்தி, ஓட்டோ நிறையச் செடிகளோடு வந்து இறங்கினாள். ஹைட்ரேஞ்சியா, அசேலியா, பியூசியா, பிகோனியா. எல்லாமே பூத்திருந்தன. "நிழலுக்கு நல்லா வரும்னு சொன்னாங்க அக்கா. அந்த யூகலிப்டஸ் மரத்தடியிலதான் பாத்தி போடப்போறேன்" என்றாள். கையில் மண்வெட்டியும் எடுத்துவிட்டாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் நான் செய்ததும் இதேதான்.

அவளை உட்காரவைத்துச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். தண்ணீர் ஊற்ற மறப்பது, பொலித்தீன் பையைக் கிழிக்காமல் நடுவது மாதிரியான தவறுகளைச் செடியே காட்டிக்கொடுத்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மரத்தடி நிழலும் சுவரோர நிழலும் ஒன்றென்று நினைப்பது

நான் இருப்பது ஹட்டன் பக்கம். அந்த வருஷம் ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா போனபோது பன்னிரண்டு ஹைட்ரேஞ்சியாவும் ஆறு அசேலியாவும் வாங்கினேன். அந்த மாதச் சம்பளத்தில் பாதி அதற்கே போனது. விற்றவரிடம் "மரத்தடியில் வைக்கலாமா?" என்று கேட்டேன். "நிழல்தானே, தாராளமா வைங்க" என்றார். எந்த மரம் என்று அவர் கேட்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வரும்.

மே மாதம் நட்டேன். தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் செடிகள் தளதளவென்று வந்தன. செப்டெம்பர் வரை ஒரு குறையும் இல்லை. மழை பெய்கிற வரைக்கும் இந்தத் தவறு வெளியே தெரியாது என்பதுதான் இதில் பெரிய ஆபத்து. ஜனவரியில் வானம் வெளுத்ததும் ஹைட்ரேஞ்சியா இலைகள் மத்தியானத்தில் தொங்கத் தொடங்கின. வெயிலில் தொங்கினாலும் சாயங்காலம் நிமிர்ந்துவிடும், அது அந்தச் செடியின் சுபாவம். என்னுடையவை நிமிரவில்லை. காலை மாலை இரண்டு வேளையும் பீலியிலிருந்து வாளி வாளியாகச் சுமந்து ஊற்றினேன், கூட்டெருவும் போட்டேன். மார்ச் முடிவதற்குள் பதினாறு செடிகள் போய்விட்டன.

கடைசியில் ஒரு குழியைத் தோண்டிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. எரு போட்ட குழி முழுவதும் மெல்லிய மரவேர்கள் தேங்காய்த் தும்பு அடைத்தது போல நெருக்கமாகப் பின்னியிருந்தன. நான் ஊற்றிய தண்ணீரும் போட்ட எருவும் மரத்துக்குத்தான் போயிருக்கின்றன. யூகலிப்டஸ் தண்ணீரை உறிஞ்சும் வேகத்துக்குப் புதிதாக நட்ட அசேலியாவால் ஈடுகொடுக்க முடியாது. அசேலியாவின் வேர் மயிரிழை போன்றது, மேல்மண்ணிலேயே படர்வது. மரத்தின் ஊட்டவேர்களும் அதே மேல்மண்ணில்தான் இருக்கின்றன.

"தேயிலை சவுக்கு (கிரெவிலியா) மர நிழலில் நன்றாகத்தானே நிற்கிறது?" என்று கேட்பார்கள். தோட்டத்தில் நிழல் மரத்தை இடைவெளி விட்டு நடுகிறார்கள், கிளைகளை அடிக்கடி வெட்டிவிடுகிறார்கள். தேயிலையும் பல வருஷம் வேரூன்றிய செடி. நம் வீட்டு மூலையில் தானாக ஓங்கிய மரம் அந்தக் கணக்கில் வராது.

சரி, மேலே ஒரு அடி புது மண் கொட்டிப் பாத்தியை உயர்த்தலாமே என்று தோன்றும். அடுத்த வருஷம் நானும் கொட்டிப் பார்த்தேன். வேர்கள் அந்த மண்ணுக்குள்ளும் ஏறிவந்தன. அடிமரத்தைச் சுற்றி மண் குவித்தால் பட்டை அழுகவும் கூடும். வேரை வெட்டுவது அதைவிட மோசம். நம் சரிவுகளில், மழையில் மண் ஊறி, காற்றும் அடிக்கிற காலத்தில், தாங்கும் வேரை இழந்த மரம் வீட்டுக் கூரையில் வந்து விழும். இதில் விளையாட வேண்டாம்.

அப்புறம் என்னதான் செய்வது? கிளைகள் விரிந்திருக்கும் எல்லையை நன்றாகத் தாண்டிப் பாத்தி போடுங்கள். வீட்டுச் சுவர், மண்மேட்டின் ஓரம் போன்ற இடங்களில் நிழல் உண்டு, போட்டிபோடும் வேர் இல்லை. ஹைட்ரேஞ்சியாவுக்கும் அசேலியாவுக்கும் அதுதான் இடம். காலையில் இரண்டு மூன்று மணி நேர வெயில் பட்டால் இன்னும் நல்லது, இருட்டு நிழலில் ஹைட்ரேஞ்சியா இலையாகவே வளரும். மரத்தடியை வெறுமையாக விட மனமில்லையென்றால் கிளைவியா, மருள், சிலந்திச்செடி ஆகியவற்றை வையுங்கள். இவை சதைப்பற்றான வேரிலோ தண்டிலோ நீரைச் சேர்த்துவைத்து வறட்சியைத் தாங்கும். சின்னக் கன்றாகப் பார்த்து, வேர்களுக்கு நடுவே கைக்கரண்டி நுழைகிற இடத்தில், மழை தொடங்கும்போது நடுங்கள். பெரிய செடிக்குப் பெரிய குழி வேண்டும், அங்கே அதற்கு இடமில்லை. பூ வேண்டுமென்றால் தொட்டியில் வைத்து, அடியில் கல் கொடுத்து மரத்தடியில் நிறுத்தலாம். தொட்டி மண்ணில் பட்டால் துளை வழியாக வேர் உள்ளே ஏறிவிடும்.

ஜூலையில் பார்த்த நிழலை வருஷம் முழுவதும் நம்புவது

நம் நாடு பூமத்திய ரேகைக்கு ஏறக்குறைய 7 பாகை வடக்கே இருக்கிறது. அதனால் நடுவெயில் வருஷத்தில் பக்கம் மாறும். ஜூன், ஜூலையில் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும், டிசம்பர், ஜனவரியில் நன்றாகத் தெற்கே சாய்ந்துவிடும். 3 மீட்டர் சுவரின் நிழல் ஜனவரி நண்பகலில் வடக்குப் பக்கம் சுமார் ஒன்றரை மீட்டர் விழும். அதே சுவர் ஜூனில் தெற்குப் பக்கம் ஒரு மீட்டர் கூட நிழல் தராது.

ஹட்டன், தலவாக்கலை பக்கம் ஜூலையில் வீட்டின் தெற்குச் சுவரோரம் குளிர்ந்து ஈரமாக இருக்கும். அதைப் பார்த்து அங்கே பியூசியா வைப்பார்கள். ஜனவரியில் மழையும் நின்று, வெயிலும் நேராக அந்தச் சுவரில் அடிக்கும்போது செடி கருகும். இங்கே வடக்குச் சுவரோரம்தான் பத்திரம். பண்டாரவளை, வெலிமடைக்காரர்களுக்கு இது தலைகீழ். அவர்களுக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் வறட்சியும் காற்றும், அப்போது அடிபடுவது வடக்குப் பக்கம்.

ஹைட்ரேஞ்சியாவுக்குத் தேயிலைக் கவ்வாத்து

தேயிலை மலையில் வளர்ந்த கை சும்மா இராது, ஒரே மட்டமாக வெட்டிவிடும். தேயிலை துளிர்க்கும். ஆனால் நம் ஊர்களில் அதிகம் காணும் உருண்டைப்பூ ஹைட்ரேஞ்சியா பழைய தண்டின் மொட்டிலிருந்து பூப்பது. அடியோடு வெட்டினால் அடுத்த பூப்பு போனதுதான். வாடிய பூவை மட்டும், அதன் கீழே பருத்திருக்கும் முதல் ஜோடி மொட்டுக்கு மேலே வெட்டுங்கள்.

அடுப்புச் சாம்பல்

அசேலியா, கமேலியா காலடியில் கொட்டவே கூடாது. இரண்டும் தேயிலையைப் போலப் புளிப்பு மண் கேட்பவை, கமேலியா தேயிலையின் சொந்தமே. சாம்பலும் டொலமைட்டும் அந்தப் புளிப்பைக் குறைத்துவிடும். இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். ஹைட்ரேஞ்சியா சாகாது, நீலப் பூ ரோஸ் நிறமாகும்.

நுவரெலியாக் குளிரில் அந்தூரியம்

கண்டியில் வையுங்கள்.

ரோஜா, போகன்வில்லா

நிழலில் பூக்காது.

மணிபோல் தொங்கும் ஊமத்தை

முழுச்செடியும் நஞ்சு. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம்.

காட்டிலிருந்து மரப்பன்னம் பிடுங்கி வருவது

பெரும்பாலும் பிழைக்காது. காட்டிலேயே இருக்கட்டும்.

சருகைக் கூட்டித் தள்ளுவது

வாசல் கூட்டும் பழக்கத்தில் பாத்தியையும் பளிச்சென்று கூட்டிவிடுகிறோம். வெறும் மண்ணில் மழை நேராக அடித்தால் மேல்மண் கானோடு போய்விடும், மிச்சம் இறுகிவிடும். சவுக்கு இலைச் சருகு மெதுவாக மக்கும், அதனால் பாத்திக்கு நல்ல போர்வை. இரண்டு அங்குலம் பரப்பினால் போதும். தண்டை மட்டும் ஒட்டவிடாதீர்கள். மழை மாதங்களில் அங்கே ஈரம் தங்கி அடித்தண்டு அழுகும், நத்தையும் அங்கேதான் குடியிருக்கும்.