தொழிற்பயிற்சிச் சீர்திருத்தம்: ஐரோப்பாவின் அண்டை நாடுகளில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

மொராக்கோ முதல் உக்ரைன் வரை, ஐரோப்பிய ஒன்றியத்தை ஒட்டிய நாடுகளில் தொழிற்கல்வியைத் திருத்தும் வேலை முப்பது ஆண்டுகளாக நடக்கிறது. சட்டங்கள் வந்தன, கட்டடங்கள் எழுந்தன, ஒன்றியத்தின் நிதியும் வந்தது. இத்தாலியின் டூரின் நகரில் 1994 முதல் இயங்கும் ஐரோப்பியப் பயிற்சி அறக்கட்டளை ஆலோசனையும் சொல்லிவருகிறது. ஆனாலும் சறுக்கும் இடங்கள் அதேதான். கோளாறு பெரும்பாலும் பாடத்திட்டத்தில் இல்லை. பணம் யார் கட்டுவது, ஆளை யார் எடுப்பது என்ற இரண்டையும் முடிவு செய்யாமலே தொடங்கிவிடுகிறார்கள்.

முதலில், பள்ளியிலும் தொழிற்சாலையிலும் மாறி மாறிக் கற்கும் ஜெர்மன் முறையை அப்படியே இறக்குமதி செய்யும் ஆசை. எகிப்து 1991-ல் ஜெர்மனியுடன், இரு நாட்டுத் தலைவர்களின் பெயரிலான முபாரக்-கோல் திட்டத்துக்கு ஒப்பந்தம் போட்டது. 1995-ல் ‘ரமலான் பத்து’ தொழில் நகரில் வகுப்புகள் தொடங்கின. வாரத்தில் இரண்டு நாள் பள்ளி, நான்கு நாள் தொழிற்சாலை. முறை நன்றாகவே ஓடியது. ஆனால் பெரிய தொழிற்சாலைகளும் முதலீட்டாளர் சங்கமும் இருந்த இடங்களில்தான் ஓடியது. நாட்டின் தொழில்நுட்ப மேல்நிலைப் பள்ளிகளில் படிக்கும் பதினைந்து லட்சத்துக்கும் அதிகமானவர்களோடு ஒப்பிட்டால் அது ஒரு துளி. ஜெர்மனியில் அந்த முறையைத் தாங்குவது, பதிவையும் தேர்வையும் நடத்தும் தொழில் வர்த்தக சபைகள். நான்கைந்து பேர் வேலை செய்யும் பட்டறைகளே நிறைந்த நாட்டில் அந்தப் பொறுப்பை யார் ஏற்பது என்று கேட்காமல் சட்டத்தை மட்டும் மொழிபெயர்த்துப் பயனில்லை.

அடுத்தது, வேலையிடத்தில் தொழில் கற்கும் மாணவரான பழகுநரின் ஊதியம். இதே பள்ளி-தொழிற்சாலை முறைக்கான செர்பியாவின் 2017 இரட்டைக் கல்விச் சட்டம், மாணவர் நிறுவனத்தில் செலவிடும் ஒவ்வொரு மணிக்கும் குறைந்தபட்சக் கூலியில் 70 சதவீதத்துக்குக் குறையாமல் தரவேண்டும் என்கிறது. கட்டுவது முதலாளி. துருக்கி வேறு வழியில் போனது. 2016-ல் பழகுநர் பயிற்சியைக் கட்டாயக் கல்விக்குள் சேர்த்தது. 2021 டிசம்பரில் பழகுநர் ஊதியத்தைக் குறைந்தபட்சக் கூலியில் 30 சதவீதமாகவும், பன்னிரண்டாம் வகுப்பில் 50 சதவீதமாகவும் வைத்து, அந்தப் பணம் முழுவதையும் அரசுத் தரப்பே ஏற்றது. சேர்க்கை பல மடங்கு எகிறியது. வாரத்தில் ஒரு நாள் பள்ளி, மற்ற நாள்கள் பட்டறை. காசு கொடுக்காமல் கிடைக்கும் கையைத் தரையைப் பெருக்கவும் சரக்கு ஏற்றவும் அனுப்பினால் முதலாளிக்கு ஒரு நட்டமும் இல்லை. பட்டறை விபத்துகளில் சிறுவர்கள் இறந்தபோது, இது பயிற்சியா குழந்தைத் தொழிலா என்ற கேள்வி நாடு முழுக்க எழுந்தது. சிறிய பட்டறைக்கு மானியம் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் முதலாளியின் பையிலிருந்தும் ஒரு பங்கு போகவேண்டும். மாணவர் எந்த வேலையைக் கற்றார் என்று வாரம் தோறும் குறிப்பேட்டில் எழுதவேண்டும். பள்ளி ஆசிரியர் முன்னறிவிப்பின்றி நேரில் போய்ப் பார்க்கவேண்டும். இந்த மூன்றும் இல்லாமல் மானியத்தைத் திறந்துவிடக் கூடாது.

நிதியைக் கீழே தள்ளிவிட்டு அதிகாரப் பரவலாக்கம் என்று பெயர் வைப்பது இன்னொன்று. உக்ரைன் 2016 தொடக்கத்தில் தொழிற்பள்ளிகளின் செலவை மத்திய பட்ஜெட்டிலிருந்து உள்ளூர் பட்ஜெட்டுகளுக்கு மாற்றியது. பள்ளி இருப்பது நகரத்தில், மாணவர்கள் வருவதோ சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து. ‘எங்கள் வரிப்பணத்தில் ஏன்?’ என்று நகராட்சிகள் முரண்டு பிடித்தன. ஆசிரியர் சம்பளமும் மாணவர் உதவித்தொகையும் சிக்கலில் மாட்டின, கடைசியில் மத்திய அரசே மானியம் அனுப்பிச் சமாளிக்க வேண்டியதாயிற்று. பொறுப்பு எந்த எல்லையில் விழுகிறதோ, மாணவர்கள் வரும் எல்லையும் அதுவாக இருக்கவேண்டும். பெரும்பாலும் அது நகரமல்ல, மாகாணம்.

மொராக்கோவில் பணம் உண்டு. நிறுவனங்கள் சம்பளப் பட்டியலில் 1.6 சதவீதத்தைப் பயிற்சி வரியாகக் கட்டுகின்றன. அதில் ஒரு பகுதி, வேலையில் இருப்பவர்களின் பயிற்சிக்கென்றே ஒதுக்கப்படுகிறது. ஆனால் நிறுவனம் முதலில் கைக்காசைப் போட்டுப் பயிற்சி நடத்தி, ரசீதுகளை அடுக்கி, பிறகுதான் திரும்பப் பெறவேண்டும். பெரிய நிறுவனத்துக்குக் கணக்குப் பிரிவு இருக்கிறது. எட்டுப் பேர் வேலை செய்யும் தையலகம் வரியைக் கட்டிவிட்டு அந்தப் பக்கமே போகாது. ஆக, சின்னவர் கட்டியதில் பெரியவர் படிக்கிறார்.

உபகரணம் வாங்குவதில் நடக்கும் தவறைக் கணக்குப் போட்டால்தான் புரியும். வெளிநாட்டு நிதியில் வெல்டிங் எந்திரங்கள் வந்திறங்குகின்றன, திறப்பு விழாவும் நடக்கிறது. 3.2 மி.மீ. வெல்டிங் ராடு கிலோவுக்குச் சுமார் 30 எண்ணிக்கை வரும். கற்றுக்கொள்பவர் ஒரு நாளில் ஒரு கிலோவை எளிதாக எரித்துவிடுவார். 20 மாணவர்கள், ஆண்டுக்கு 100 செய்முறை நாள் என்றால் இரண்டு டன் ராடு. இரும்புத் தகடு, மின்கட்டணம், கையுறை, முகக்கவசக் கண்ணாடி எல்லாம் தனி. நன்கொடை ஒப்பந்தத்தில் இவற்றுக்கு ஒதுக்கீடே இருப்பதில்லை, பள்ளி பட்ஜெட்டிலும் இல்லை. இரண்டாம் ஆண்டில் ஆசிரியர் கரும்பலகையில் வெல்டிங் நடத்துகிறார். மூன்று ஆண்டு நுகர்பொருளுக்கும் பராமரிப்புக்கும் யார் பணம் தருவார்கள் என்று எழுத்தில் வாங்காமல் எந்திரத்தை இறக்கக் கூடாது.

வேலைச் சந்தைப் பக்கம் ஜோர்டான் தரும் பாடம் பெரியது. ஐரோப்பிய ஒன்றியம் முதலான நிதி தருவோருடன் செய்த 2016 உடன்பாட்டின்படி சிரிய அகதிகளுக்காக இரண்டு லட்சம் வேலைவாய்ப்பு இலக்காக வைக்கப்பட்டது. பதிலுக்கு, குறிப்பிட்ட 18 தொழில் மண்டலங்களில் 15 சதவீதத் தொழிலாளர்கள் சிரியர்களாக இருந்தால் அங்கிருந்து ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்வதற்கான விதிகளை ஒன்றியம் தளர்த்தும். மூன்றாம் ஆண்டிலிருந்து 25 சதவீதம். கணக்கு காகிதத்தில் அழகு. ஆடைத் தொழிற்சாலைகளோ அமெரிக்கச் சந்தைக்குத் தைத்துக்கொண்டிருந்தன. விடுதியில் தங்கவைக்கப்பட்ட வங்கதேச, இலங்கை, இந்தியத் தொழிலாளர்களை நம்பியே அவை ஓடின. கைக்குழந்தையோடு இருக்கும் சிரியப் பெண் தொலைவிலுள்ள மண்டலத்துக்குத் தினமும் பேருந்தில் போய்வர முடியவில்லை. அகதி உதவி நின்றுவிடுமோ என்ற பயம் வேறு. அந்தச் சலுகையில் ஏற்றுமதி செய்த நிறுவனங்கள் சொற்பம். 2018-ல் மண்டலக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி, 15 சதவீதத்திலேயே நிறுத்தி, 2030 வரை நீட்டித்தார்கள். இதற்கிடையே விவசாயத்தில் கூட்டுறவுகள் வழியாகவும் கட்டுமானத்தில் தொழிற்சங்கம் வழியாகவும், ஒரே முதலாளியோடு கட்டிப்போடாத வேலை அனுமதிகள் கொடுத்தபோது ஆட்கள் வந்தார்கள். இதில் இன்னொரு பிசகும் உண்டு. வழங்கிய அனுமதிகளைத்தான் எண்ணினார்கள். புதுப்பித்ததும் அதில் சேரும். அனுமதி எண்ணிக்கை என்பது வேலையில் இருப்போர் எண்ணிக்கை அல்ல.

ஜார்ஜியா 2006-ல் முதலீடு வரும் என்று சொல்லித் வேலையிடங்களைச் சோதிக்கும் தொழிலாளர் ஆய்வுத் துறையையே கலைத்தது. 2015-ல் திரும்ப வந்தபோது முதலாளி சம்மதித்தால்தான் ஆய்வாளர் உள்ளே போகலாம். 2018-ல் திக்கிபுலி நிலக்கரிச் சுரங்கத்தில் அடுத்தடுத்து விபத்துகள் நடந்தன. முழு அதிகாரம் 2021-ல்தான் கிடைத்தது. ஆய்வாளர் நுழைய முடியாத இடத்துக்குப் பழகுநரை அனுப்பவே கூடாது.

பயிற்சி முடித்தவர்களைப் பின்தொடர்வதையும் பலர் கடைசியில் நினைக்கிறார்கள், அதற்குள் ஆள் வெளிநாட்டில். மால்டோவா போன்ற நாட்டில் இது அன்றாடம். தேர்வுக்கு முன்பே இரண்டு எண்களை வாங்கிவைக்கவேண்டும்: ஒன்று மாணவருடையது, இன்னொன்று வீட்டில் எண்ணை மாற்றாத ஒருவருடையது. ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் அழைத்து, வேலை இருக்கிறதா, படித்த தொழிலா, எழுத்து ஒப்பந்தம் உண்டா, சம்பளம் எவ்வளவு என்று நான்கே கேள்வி கேட்டால் போதும். இடையில் நின்றவர்களையும் பட்டியலில் வைத்திருங்கள். அவர்களை விட்டுவிட்டுப் போடும் சதவீதம் அமைச்சரின் உரைக்குத்தான் உதவும்.