பழைய கார் எஞ்சின் சாமானுக்கு எந்த ஃபினிஷ், எந்த கலர்?

மொரிஸ் மைனரோ, ஒஸ்டினோ, பீட்டிலோ, எஞ்சினை இறக்கி கழட்டி வச்சவுடனே எல்லாரும் முதல்ல கேக்கிறது "என்ன கலர் அடிக்கலாம்" எண்டுதான். கலர் ரெண்டாவது கேள்வி. அதுக்கு முதல் பாக்க வேண்டியது அந்த சாமான் என்ன உலோகம், எவ்வளவு சூடாகும், பெற்றோல் அல்லது பிரேக் ஒயில் அதில படுமா எண்டது. இது மூண்டுக்கும் பதில் தெரிஞ்சா ஃபினிஷ் பாதிக்கு மேல தானாவே முடிவாகிடும், பிறகு கலரை ஆறுதலா யோசிக்கலாம்.

சூட்டுல இருந்து தொடங்குவம். தண்ணியில குளிர்ற எஞ்சின்ட பிளொக், ஹெட் எல்லாம் ஒழுங்கா ஓடுற நேரம் 100 டிகிரி சுத்துவட்டாரத்துலதான் நிக்கும், அதால எஞ்சின் எனாமல் எண்டு விக்கிற பெயின்ட் அதுக்கு தாராளமா போதும். எக்சோஸ்ட் மேனிஃபோல்ட் வேற கதை. அது 500, 600 டிகிரிக்கு போகும், எஞ்சின் எனாமல் அங்க முதல் நாளே புகைஞ்சு உரிஞ்சிடும். அதுக்கு 650 டிகிரிக்கு மேல தாங்குற ஹை டெம்பரேச்சர் பெயின்ட் வேணும், கையில காசு இருந்தா செரமிக் கோட்டிங். அந்த பெயின்ட் காஞ்சா மட்டும் காணாது, கேன்ல எழுதியிருக்கிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா சூடாக்கி ஆறவிட்டு திரும்ப சூடாக்கினாத்தான் இறுகும், அதுக்கு முதல் விரலால சுரண்டினாலே வந்திடும். இன்னொண்டு, நிறைய பழைய காருக்கு மேனிஃபோல்ட் கம்பெனில இருந்து பெயின்ட் இல்லாம வெறும் வார்ப்பிரும்பாத்தான் வந்தது, அதால சாம்பல் கலந்த இரும்பு கலர்ல அடிச்சா அசலுக்கு கிட்ட நிக்கும். வெள்ளை அடிக்காதீங்க, சூட்டுக்கு மஞ்சளாகிடும்.

கார் பொடிக்கு, அதாவது வெளித் தகட்டுக்கு, அடிக்கிற சாதாரண என்சி (நைட்ரோசெலுலோஸ்) பெயின்ட்ல எஞ்சினை அடிச்சு தாறன் எண்டு சில பெயின்ட் பாஸ்மார் சொல்லுவாங்க. பளபளப்பா வரும்தான், ஆனா சூட்டுக்கும் பெற்றோல் ஒழுக்குக்கும் அது நிண்டு பிடிக்காது, காபரேட்டருக்கு கீழ இருக்கிற இடம்தான் முதல்ல போகும். ஹார்ட்னர் கலக்கிற 2கே பெயின்ட் பெற்றோலுக்கு நல்லா தாங்கும், பிளொக்குக்கு பாவிக்கலாம். ஆனா அந்த ஹார்ட்னர்ல ஐசோசயனேட் இருக்கு, ஸ்ப்ரே பண்றவர் மூக்குல ஒரு லேஞ்சியை கட்டிட்டு அடிக்கிறது நெஞ்சுக்கு பெரிய ஆபத்து, வெளிக்காத்து வாற மாஸ்க் வச்சிருக்கிற இடத்துல மட்டும் குடுங்க. பிரேக் ஒயிலுக்கு ரெண்டும் நம்பிக்கை இல்ல, மினி மாதிரி மாஸ்டர் சிலிண்டர் பொனட்டுக்குள்ளேயே இருக்கிற கார்ல ஒழுக்கை முதல்ல நிப்பாட்டிட்டு பெயின்ட்டை பற்றி யோசிங்க.

பவுடர் கோட்டிங் இப்ப கொழும்புல லேசா செய்விக்கலாம், ஹெட்டுக்கு மேல மூடுற ரொக்கர் கவர், பெல்ட் ஓடுற புலி, பிராக்கெட், ஃபேன் தகடு மாதிரி தகட்டு சாமானுக்கு அதை மிஞ்ச வேற ஃபினிஷ் இல்ல. பிரச்சினை பழைய வார்ப்பிரும்பு சாமான்ல. அம்பது அறுபது வருஷம் ஒயில் குடிச்ச இரும்புட நுண்ணிய துவாரத்துக்குள்ள ஒயில் ஊறி இருக்கும், கிட்டத்தட்ட 200 டிகிரி ஓவன்ல வச்சவுடனே அது ஆவியாகி வெளிய வந்து பவுடருக்கு கீழ குமிழ் குமிழா நிக்கும். அதால கோட்டிங் போட முதல் வெறும் சாமானை ஒருக்கா ஓவன்ல சூடாக்கி ஆறவிட்டு துடைக்க சொல்லுங்க. பவுடர் தடிப்பா வேற பிடிக்கும், போல்ட் இறுக்குற முகத்துல இருந்தா நாளடைவுல அமுங்கி போல்ட் லூசாகும், எர்த் வயர் பூட்டுற இடத்துல இருந்தா கரண்ட் போகாது. அந்த இடங்களை டேப் ஒட்டி மறைச்சே குடுங்க, அங்க இருக்கிறவங்களுக்கு இது எஞ்சின் சாமான் எண்டு தெரிய வேணும் எண்டு கட்டாயம் இல்ல.

அலுமினியத்துல எனக்கு கொஞ்சம் பிடிவாதம் இருக்கு. எஸ்யு காபரேட்டர் மாதிரி சாமானுக்கு பெயின்ட் அடிக்கவே கூடாது. வேப்பர் பிளாஸ்டிங், அதாவது தண்ணியோட நுண்ணிய துகளை சேத்து அடிச்சு சுத்தமாக்கிறது, செய்யிற இடம் கிடைச்சா அதுதான் அசல் தோற்றத்துக்கு ஆக கிட்ட வரும். நுண்ணிய கண்ணாடி மணிகளை காத்தால அடிச்சு சுத்தம் செய்யிறதெண்டா எல்லா ஓட்டையையும் அடைச்சுட்டு அடிக்கணும், ஒரே ஒரு கண்ணாடி மணி ஒயில் ஓட்டைக்குள்ள நிண்டாலும் பெயாரிங் போயிடும். கண்ணாடி மாதிரி பொலிஷ் பண்றது ஷோவுக்கு நல்லம், ஆனா வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை பக்கம் கடற்காத்து படுற வீட்டுல கார் நிக்குதெண்டா கொஞ்ச நாள்லயே வெள்ளை பூத்திடும், ஒவ்வொரு கிழமையும் பொலிஷ் போட ஏலும் எண்டா மட்டும் செய்யுங்க. அதே உப்புக்காத்துதான் குரோம் பண்ணின நட் போல்ட்டையும் சாப்பிடும். பழைய கொஸ்டிக் சோடா வைத்தியத்தை அலுமினியத்துக்கு செய்யவே வேணாம், அது அழுக்கோட சேத்து அலுமினியத்தையும் கரைச்சிடும்.

பீட்டில் வச்சிருக்கிற ஆக்கள் இன்னும் கவனம். அது காத்துல குளிர்ற எஞ்சின், சிலிண்டருக்கு மேல தடிப்பா எது பூசினாலும் சூடு வெளிய போகாது. எஞ்சின்ட வெளிக்கூடு (கேஸ்) மெக்னீசியம் கலந்தது, அதை வெறுமையாவே விடுங்க, அரைக்கிற தூள் நெருப்பு பிடிக்கக்கூடியது எண்டதையும் மறக்காதீங்க. சுத்தி இருக்கிற தகடுகளை மட்டும் கறுப்பு அடிச்சா போதும். ரேடியேட்டருக்கும் இதே நியாயம்தான், மெல்லிசா ஒரு மட் கறுப்பு, அவ்வளவுதான்.

போல்ட்டுகளுக்கு சிங்க் பிளேட்டிங் நல்லம். ஹெட் ஸ்டட், கொன்ரொட் போல்ட் மாதிரி பலமான போல்ட்டுகளை மட்டும் அதுல சேக்காதீங்க, பிளேட்டிங் செய்யிற நேரம் இரும்புக்குள்ள ஹைட்ரஜன் ஏறி பிறகு திடீரெண்டு முறியலாம்.

இப்ப கலர். என்ட அபிப்பிராயம், கம்பெனி கலரை கண்டுபிடிக்க ஏலும் எண்டா அதையே அடிங்க, அந்த எஞ்சினுக்கு அதை விட வடிவான கலர் வராது. பிஎம்சி (மொரிஸ், ஒஸ்டின் செஞ்ச பிரிட்டிஷ் கம்பெனி) ஏ சீரிஸ் எஞ்சின் வந்த மொரிஸ் மைனர்களுக்கு பச்சை, எம்ஜிஏக்கு கடும் சிவப்பு கலந்த மெரூன், 3.8 லீட்டர் ஜாகுவார் ஈ டைப்புக்கு ஹெட் தங்கக் கலர். ஆனா இங்க ஓடுற கார்கள் எத்தனையோ கை மாறினது, மேல தெரியிற கலரை நம்பாதீங்க. வெள்ளவத்தையில ஒரு மாமாட மைனர்ல டைனமோ பிராக்கெட்டை கழட்டி பிளேட்டால மெதுவா சுரண்டினம். மேல சில்வர், கீழ யாரோ பிரஷால அடிச்ச சிவப்பு, அதுக்கு கீழ ஒயில் பிசுக்குக்குள்ள நகம் அளவுக்கு அசல் பச்சை. மாமாக்கு முகமெல்லாம் சிரிப்பு. பிராக்கெட் முகம், எஞ்சின் மவுண்ட் உட்காந்த இடம், இங்கதான் வெயிலும் சூடும் படாத கலர் மிஞ்சி இருக்கும். உங்கட எஞ்சின்ல கீழ தங்கக் கலர் வந்தா பயப்பட வேணாம், பிஎம்சி திருத்தி வித்த கோல்ட் சீல் எஞ்சினா இருக்கலாம், அதுவும் ஒரு சரித்திரம்தான், அப்பிடியே தங்கமா விட்டாலும் நான் சரி எண்டுதான் சொல்லுவன்.

அந்த துண்டை எடுத்துட்டு போய் கலர் மிக்ஸ் பண்ணுங்க, கடைக்குள்ள டியூப் லைட்டுல பாத்து முடிவெடுக்காம ஒரு தகட்டுல அடிச்சு காயவிட்டு வெளிய வெயில்ல பிடிச்சு பாருங்க, பச்சைகள் வெளிச்சத்துக்கு வெளிச்சம் மாறும். அசல் கலர் தேவையில்ல எண்டு நினைக்கிற ஆக்களுக்கு, வெளிர் கலர்ல ஒயில் ஒழுக்கு உடனே தெரியும், கறுப்புல தெரியாது, மட் ஃபினிஷ்ல அழுக்கு ஒட்டினா போகாது, பாதி பளபளப்பு துடைக்க லேசு.

சுத்தம் செய்யிறதுதான் வேலையில முக்கால்வாசி. மண்ணெண்ணெய், பிறகு சவுக்காரத் தண்ணி, பிறகு வயர் பிரஷ், கடைசியா தின்னர் நனைச்ச வெள்ளைத் துணி, துணி வெள்ளையாவே வாற வரைக்கும். எஞ்சின் நம்பர் இருக்கிற இடத்தை சாண்ட் பேப்பரால தேய்க்காதீங்க, புட்டியும் போடாதீங்க, சீஆர் புக்குல (கார் பதிவுப் புத்தகத்துல) இருக்கிற நம்பர் அங்க வாசிக்க ஏலாம போனா விக்கிற நேரம் பெரிய தலையிடி. கொழும்பு ஈரக்காத்துல வெறும் இரும்பு பின்னேரத்துக்குள்ளயே மஞ்சளா கறள் பிடிக்கும், அதால சுத்தம் செஞ்ச அண்டைக்கே பிரைமர் போட்டுடுங்க. தை தொடக்கம் மாசி வரைக்கும் உள்ள காஞ்ச நாள்கள்ல, காலை பத்து மணிக்கு பிறகு அடிக்கிறது நல்லம், மழை இருட்டுற நேரம் அடிச்சா பெயின்ட் வெள்ளையா மங்கிப் போகும். கேஸ்கட் முகம், பிளக் ஓட்டை, போல்ட் முறுக்குற நூல் ஓட்டை எல்லாத்தையும் மறைச்சு, மெல்லிசா ரெண்டு மூண்டு கோட். ரொக்கர் கவருக்கு உள்பக்கம் அடிக்கவே வேணாம், உரிஞ்சா நேரா ஒயிலுக்குள்ளதான் விழும்.

அடிச்சு முடிஞ்சு ஒரு கிழமையாவது விட்டுட்டு பூட்டுங்க, மிஞ்சின பெயின்ட்டை சின்ன கண்ணாடிப் போத்தல்ல ஊத்தி, மிக்ஸ் பண்ணின நம்பரை எழுதி ஒட்டி வையுங்க, ஸ்பேனர் படுற போல்ட் தலைகளுக்கு பூட்டின பிறகு அதால ஒரு தரம் பிரஷ்ல தொடணும்.